அபாயச் சங்கு யாருக்காக?

தொழிற்பேட்டைகளுக்கு அருகில் வாழும் வாசகர்கள் இந்தக் காட்சியை ஒரு முறையேனும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் நாளிதழில் படமாகவாவது கண்டிருப்பீர்கள். காலை பதினொரு மணி. ஆலையின் அபாயச் சங்கு ஒலிக்கிறது. நச்சு வாயு கசிந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். முன்னதாகவே வந்து நிற்கும் தீயணைப்பு வண்டி நீரைப் பீய்ச்சுகிறது. முகமூடி அணிந்த இருவர், மயங்கி விழுந்தவராக நடிக்கும் ஒரு தொழிலாளியைத் தூக்கிச் சென்று ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். அரைமணி நேரத்தில் நிலைமை கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. அதிகாரிகள் பாராட்டிப் பேசுகிறார்கள். ஒத்திகை இனிதே முடிகிறது.

இத்தகைய ஒத்திகைகளை எள்ளி நகையாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒத்திகையே இல்லாத நிலையைவிட இது மேலானது. தீயணைப்பு வீரர் குழாயை இணைக்கவும், தொழிலாளி அடைப்பானை மூடவும் பயிற்சி பெறுவது தேவையே. ஆனால் ஒரு பயிற்சியை மதிப்பிட வேண்டுமானால், அது எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஒத்திகை, ஆலைக்குள் இருப்பவர்களும் அரசுத் துறையினரும் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு விடை தருகிறது. மதிற்சுவருக்கு அப்பால் குடியிருக்கும் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. அவர்கள் அங்கே வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்கிறார்கள்.

நமது நாட்டின் இரசாயன விபத்து ஆயத்தத்தில் உள்ள பெரிய குறை இதுதான். கடைசியில் வந்து சேருகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறோம். முதலில் சுவாசிக்கிறவர்களுக்கு அளிப்பதில்லை. இது எவ்வாறு நேர்கிறது, அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் காண்போம்.

சட்டத்தில் குறைவில்லை

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபால் நகரிலிருந்த யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது. அரசு முதலில் தந்த கணக்கின்படி உடனடியாக இறந்தோர் 2,259 பேர். பின்னர் மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த எண்ணிக்கை 3,787. 2006இல் அரசு நீதிமன்றத்தில் அளித்த வாக்குமூலத்தின்படி பாதிப்புற்றோர் 5,58,125 பேர்.

இந்தப் பேரழிவு நமது சட்டப் புத்தகத்தை மாற்றியது என்பதை மறுக்க முடியாது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் அபாயகரமான இரசாயனங்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகள் வகுக்கப்பட்டன. 1996இல் இரசாயன விபத்துகளுக்கான நெருக்கடித் திட்டமிடல் விதிகள் வெளியாயின. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், அதைத் தொடர்ந்து தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும், தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ஏற்பட்டன. 2007இல் அந்த ஆணையம் தொழிலக இரசாயனப் பேரிடர்களுக்கென்றே தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பெருவிபத்து நேரக்கூடிய ஆலைகள் என்று அந்த ஆணையம் குறிப்பிட்ட எண்ணிக்கை 1,861. அவை 301 மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன.

1989ஆம் ஆண்டு விதிகளைப் படித்துப் பார்த்தால் வாசகர்கள் வியப்படைவீர்கள். ஆலைக்குள் பின்பற்ற வேண்டிய திட்டத்தை ஆலை நிர்வாகம் தயாரிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே பின்பற்ற வேண்டிய திட்டத்தை மாவட்ட அதிகாரிகள் தயாரிக்க வேண்டும். ஒத்திகை நடத்த வேண்டும். இவற்றோடு மற்றொரு கட்டளையும் அவ்விதிகளில் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் இருக்கும் வெளியாருக்கு, அபாயம் எத்தகையது, எவற்றைச் செய்ய வேண்டும், எவற்றைச் செய்யக்கூடாது என்பதை ஆலை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும்.

1996ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. மத்திய, மாநில, மாவட்ட நெருக்கடிக் குழுக்களுக்குக் கீழே உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்றும் அமைக்கப்பட வேண்டும். அதில் தீயணைப்பு, காவல்துறை அதிகாரிகளோடு ஊர்த் தலைவர், மருத்துவர்கள், சமூகத் தொண்டர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஆகியோருக்கும் இடமுண்டு. அபாயம் பற்றியும் அதற்கான ஆயத்தம் பற்றியும் சுற்றுப்புற மக்களுக்குக் கற்பிப்பது அக்குழுவின் கடமைகளுள் ஒன்று.

உங்கள் ஊருக்கு அருகில் அத்தகைய ஆலை இருக்குமானால், உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை என்ற தாள் எப்போதாவது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா?

இரண்டு சங்குகள்

போபாலில் அன்றிரவு நடந்தவற்றுள் ஒரு சிறு செய்தியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அந்த ஆலையில் இரண்டு எச்சரிக்கைச் சங்குகள் இருந்தன. ஒன்று ஆலைத் தொழிலாளருக்கு. மற்றொன்று ஊர் மக்களுக்கு. முதலில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்படி இணைக்கப்பட்டிருந்தன. 1982இல் அந்த இணைப்பைப் பிரித்தார்கள். சிறு கசிவுகளுக்கெல்லாம் சங்கு ஊதி மக்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

விபத்து நடந்த இரவு ஏறத்தாழ 12.50 மணிக்கு மக்களுக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்த சங்கு தொடர்ந்து ஒலித்தது. தொழிலாளர்கள் காற்று வரும் திசையை நோக்கி ஓடித் தப்பினார்கள். அவர்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருந்தது. ஊர் மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. உறக்கத்திலிருந்து இருமலோடும் கண்ணெரிச்சலோடும் எழுந்தவர்களில் பலர், வாயு சென்ற திசையிலேயே அதனோடு சேர்ந்து ஓடினார்கள். மக்களுக்கான சங்கு மீண்டும் ஒலித்தது இரண்டு மணிக்குப் பிறகுதான்.

காவல்துறையினர் ஆலைக்குத் தொலைபேசியில் பேசியபோது எல்லாம் சரியாகவே இருப்பதாக இருமுறை பதில் வந்தது. ஹமீதியா மருத்துவமனைக்கோ, கசிந்தது அம்மோனியா என்றும், பின்னர் பாஸ்ஜீன் என்றும், அதன் பின்னரே மீதைல் ஐசோசயனேட் என்றும் செய்தி போயிற்று. அங்கிருந்த மருத்துவர்கள் அந்தப் பெயரையே அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

அது சட்டங்கள் வருவதற்கு முந்தைய காலம் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் 36 ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள்.

2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அதிகாலை மூன்று மணி அளவில், விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்தது. ஊரடங்குக் காலத்தில் ஆலை மூடிக் கிடந்தது. தேங்கி நின்ற ஸ்டைரீன் தனக்குள்ளேயே வினைபுரிந்து சூடேறி ஆவியாயிற்று. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு இதனை விசாரித்தது. ஆலையில் 36 இடங்களிலிருந்து அபாயச் சங்கை இயக்க வசதி இருந்தும் சங்கு ஒலிக்கப்படவில்லை என்று அக்குழு கண்டது. 1984இல் சங்கை ஊதி நிறுத்தினார்கள். 2020இல் ஊதவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் இயற்றிய சட்டங்களும், கூட்டிய கூட்டங்களும், நடத்திய ஒத்திகைகளும் அந்த ஒரு விசையை அழுத்தும் பழக்கத்தை உண்டாக்கவில்லை என்றால், எதைப் பயிற்சி என்று அழைத்துவந்தோம் என்று கேட்கத்தானே வேண்டும்?

காற்றின் கணக்கு

எழுதுகோலை எடுத்து ஓர் எளிய கணக்குப் போடுங்கள். முகத்தில் காற்றுப் படுவதை உணர்கிறோம். மரத்தின் இலைகள் இலேசாகச் சலசலக்கின்றன. அத்தகைய மென்காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று கொள்வோம். 1 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 500 வினாடி ஆகும். அதாவது 8 நிமிடம் 20 வினாடி. இரண்டு கிலோமீட்டருக்கு 17 நிமிடம்கூட ஆகாது. காற்றோடு மிதந்து செல்லும் வாயு மேகத்தின் முனைக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

இனி மற்றொரு கணக்கு. கசிவு என்று ஒருவர் உணர வேண்டும். அவர் மேலாளருக்குச் சொல்ல வேண்டும். மேலாளர் உறுதி செய்துகொண்டு தீயணைப்பு நிலையத்தையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் அழைக்க வேண்டும். வண்டி புறப்பட வேண்டும். போக்குவரத்தைக் கடந்து வந்து சேர வேண்டும். உங்கள் ஊர்ச் சாலைகளை நினைத்து இதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்குள் அந்தக் கூட்டல் முடிகிறதா?

போபாலில் சங்கு மௌனமாக இருந்த நேரம் எழுபது நிமிடத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரத்தில் அதே மென்காற்று 8 கிலோமீட்டர் தாண்டிவிடும். விசாகப்பட்டினத்தில் பேரிடர் மீட்புப் படையின் இரசாயன விபத்து வல்லுநர் குழு புனேயிலிருந்து விமானத்தில் வந்தது. ஸ்டைரீனின் வினையைத் தடுத்து நிறுத்தும் மருந்துப் பொருள் குஜராத்திலிருந்து விமானத்தில் வந்தது. வந்தவர்கள் திறமையானவர்கள், தொட்டி மேலும் சூடேறாமல் காக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் இறந்தவர்களுக்கு வேண்டியிருந்தது முதல் சில நிமிடங்களின் உதவி. அந்த நிமிடங்களில் அங்கே இருந்தவர்கள் அண்டை வீட்டார் மட்டுமே. மீட்புப் படையை எவ்வளவு பெருக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பகல் ஒத்திகையும் இரவு விபத்தும்

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிச் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஓர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவ ஊர்களில் மக்கள் நெடியால் விழித்தெழுந்து, ஆட்டோக்களிலும் இருசக்கர வண்டிகளிலும் கால்நடையாகவும் வெளியேறினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள்.

போபால், விசாகப்பட்டினம், எண்ணூர் ஆகிய மூன்றிலும் ஒரு பொதுத்தன்மையை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். மூன்றும் ஊர் உறங்கும் நேரத்தில் நடந்தவை. ஒத்திகையோ பகலில் நடக்கிறது. இரவா பகலா என்பது வெறும் வசதி பற்றிய பிரச்சினை அன்று. இதில் பௌதிகம் இருக்கிறது.

பகலில் வெயிலால் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலெழுகிறது. மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. இந்தக் கலக்கத்தில் நச்சு வாயு விரைவில் மேலே பரவி நீர்த்துப்போகிறது. தெளிவான இரவில் இது தலைகீழாகிறது. தரை வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்குகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று ஒரு மூடிபோல் அமைகிறது. போகிப் பண்டிகை அதிகாலையில் தெருவெங்கும் புகை கலையாமல் தவழ்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கசிந்த வாயுவும் அப்படித்தான் வீடுகளுக்கிடையே தவழும். போபாலில் அன்றிரவு இந்நிலைதான் இருந்தது.

வாயுவின் எடையையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. குளோரினுக்கு 71, மீதைல் ஐசோசயனேட்டுக்கு 57, ஸ்டைரீனுக்கு 104. இவையெல்லாம் தாழ்ந்த இடங்களைத் தேடிச் செல்பவை. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் குழந்தைகளையும் அவை முதலில் அடைகின்றன. அம்மோனியாவுக்கு 17 தான். இருப்பினும் குளிர்வித்துத் திரவமாக்கிய அம்மோனியா பெருமளவில் வெளிப்படும்போது, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த மூடுபனிபோல் தொடக்கத்தில் தரையோடு தரையாகவே படரும்.

ஆகவே பதினொரு மணி வெயிலில், எல்லாரும் விழித்திருக்கும்போது, நாள் குறித்து நடத்தும் ஒத்திகை எளிய வினாத்தாளுக்குத் தேர்வு எழுதுவதை ஒக்கும். அதில் நூற்றுக்கு நூறு வாங்கி என்ன பயன்?

பயிற்சி பெறாத உதவிக்காரர்கள்

பொதுமக்களை விட்டுவிடுங்கள், முதலில் ஓடிவரும் அரசு ஊழியர்களாவது அறிந்திருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான நேரங்களில் முதலில் வருபவர் அருகிலுள்ள காவல் நிலையத்தின் காவலர், கிராம நிர்வாக அலுவலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரே. சுவாசக் கருவி இல்லாமல் வாயுவுக்குள் நுழையும் காவலர் இன்னொரு நோயாளி ஆவார்; அவ்வளவே.

இது ஏழை நாடுகளின் குறை மட்டுமன்று. 2013 ஏப்ரல் 17ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில் ஓர் உரக் கிடங்கு தீப்பற்றியது. ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையினர் வழக்கமான தீ என்று எண்ணி அணைக்கச் சென்றார்கள். முதல் அழைப்பு வந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் உதவிக்கு ஓடியவர்கள். அந்நாட்டின் இரசாயனப் பாதுகாப்பு வாரியம், அந்தப் பொருளின் ஆபத்தைப் பற்றி அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததைச் சுட்டிக்காட்டியது. போபாலுக்குப் பிறகு 1986இலேயே மக்களின் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய நாடு அது. சட்டம் இருந்தும், எதிரே எரிவது என்ன என்ற செய்தி நெருப்பின்முன் நின்றவரிடம் சேரவில்லை.

நம் சாலைகளில் ஓடும் இரசாயன லாரிகளைப் பாருங்கள். பின்புறத்திலும் பக்கங்களிலும் கட்டம் போட்ட பலகை இருக்கும். அதிலுள்ள நான்கு இலக்க எண் ஐ.நா. பொருள் எண். 1005 என்றால் நீரற்ற அம்மோனியா; 1017 என்றால் குளோரின்; 1075 என்றால் சமையல் வாயு. அதற்கு மேலே எண்ணும் எழுத்துமாக ஒரு குறி இருக்கும். முதல் எண் 2 என்றால் நீரை நுண்திவலையாகத் தெளிக்கலாம். 3 என்றால் நுரை. 4 என்றால் தண்ணீரே படக்கூடாது, உலர்பொருள் மட்டும். கடைசியில் ஆங்கில எழுத்து 'இ' இருந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும் என்று பொருள்.

இவ்வளவு பயனுள்ள செய்தி எல்லார் கண்முன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் லாரி கவிழ்ந்தால் சுற்றிக் கூடும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடத்தோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடக் கூடியது இது.

இரவல் வாங்கிய அறிவுரை

வெளிநாட்டுக் கையேடுகளிலிருந்து எடுத்து எழுதிய அறிவுரைகளும் ஆராயத் தக்கவை. 'வீட்டுக்குள் இருங்கள், கதவு, ஜன்னல்களை மூடி இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைத்துவிடுங்கள்' என்பது அவற்றில் முதன்மையானது. காங்கிரீட் வீட்டுக்கு, குறுகிய நேரக் கசிவுக்கு இது நல்ல அறிவுரைதான். ஆனால் ஆலை மதிலை ஒட்டி வாழ்பவர்களில் பலர் ஓலைக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழே இருப்பவர்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருக்கும் வீட்டில் எந்த இடுக்கை அடைப்பது? அவர்களுக்கு வேண்டியது வேறு ஏற்பாடு. தெருவுக்கு ஒரு பள்ளிக் கட்டிடமோ சமுதாயக் கூடமோ அடைக்கலமாகக் குறிக்கப்பட வேண்டும். காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்த வழியே போவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்பதும் எல்லா வாயுவுக்கும் பொருந்துவதில்லை. அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும். மீதைல் ஐசோசயனேட் நீருடன் வினைபுரியும். இவற்றுக்கு ஈரத்துணி ஓரளவு பயன் தரும். ஸ்டைரீன் நீரில் அரிதாகவே கரையும். அதற்குப் பயன் குறைவு. கார்பன் மோனாக்சைடுக்கு ஈரத்துணியால் பயனே இல்லை. எனவே உங்கள் அருகிலுள்ள தொட்டியில் இருப்பது எது என்று தெரியாமல் சொல்லப்படும் பொது அறிவுரை அரை அறிவுரையே ஆகும்.

'மக்கள் பீதி அடைவார்கள்'

இங்கே ஒரு மறுப்பு எழும். இதையெல்லாம் மக்களிடம் சொன்னால் பீதி பரவும், நிலைமை மோசமாகும் என்று பொறுப்புள்ளவர்கள் சொல்கிறார்கள். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் குறுகிய சந்துகளில் ஓடினால் நெரிசலிலேயே உயிர் போகும். அடிக்கடி பொய்ச் சங்கு ஊதினால் மெய்ச் சங்கையும் மக்கள் மதிக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே.

ஆனால் சான்றுகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். போபாலில் மக்கள் அறிந்ததால் பீதி அடையவில்லை. ஒன்றும் அறியாததால் அடைந்தார்கள். 1979 நவம்பர் 10ஆம் நாள் இரவு, கனடா நாட்டின் மிசிசாகா நகரில் சரக்கு இரயில் ஒன்று தடம் புரண்டது. எரிவாயு வண்டிகள் வெடித்துத் தீப்பற்றின. அவற்றினிடையே குளோரின் ஏற்றிய வண்டி ஒன்றும் இருந்தது. அபாயம் என்னவென்று மக்களுக்குச் சொல்லி, பகுதி பகுதியாக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்நாட்டின் சாலைகளும் வாகனங்களும் நமக்கு இல்லை என்பது மெய்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னால் மக்கள் வெறிகொண்டு ஓடுவார்கள் என்ற கருத்தை அந்நிகழ்ச்சி பொய்யாக்கிவிட்டது. நம் கடற்கரை மக்களும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டு அமைதியாக முடிவெடுக்கப் பழகியவர்களே. புயலுக்குச் சொல்ல முடிந்ததைக் குளோரினுக்கு ஏன் சொல்ல முடியாது?

நல்ல ஒத்திகை எப்படி இருக்கும்?

குறை சொல்வது எளிது. மாற்று என்ன என்று வாசகர் கேட்பது நியாயமே.

முதலாவதாக, ஒத்திகை மதிலுக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும். சங்கு ஒலித்தபின் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்குச் செய்தி போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே ஒத்திகையின் முதல் அளவீடாக இருக்க வேண்டும். காது கேளாதவர், படுக்கையில் இருப்பவர், தனியே இருக்கும் குழந்தைகள் ஆகியோரை யார் அழைத்துச் செல்வது என்பது பெயர் குறித்து முடிவாக வேண்டும்.

இரண்டாவதாக, மக்களுக்கு முன்பே பழக்கிவிட்டு, சில ஒத்திகைகளையேனும் இரவிலும், அதிகாரிகளுக்கு நாள் அறிவிக்காமலும் நடத்த வேண்டும்.

மூன்றாவதாக, தவறுகளை வேண்டுமென்றே புகுத்த வேண்டும். மேலாளர் விடுப்பில் இருக்கிறார், சங்கின் விசை வேலை செய்யவில்லை, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை, காற்று திசை மாறிவிட்டது என்றெல்லாம் சூழ்நிலை அமைத்துப் பார்க்க வேண்டும். குறை வெளிப்படும் ஒத்திகையே வெற்றி பெற்ற ஒத்திகை. இன்று குறை வெளிப்பட்டால் அதிகாரிக்கு அவப்பெயர் என்ற எண்ணம் இருப்பதால், எல்லாம் சரியாக நடந்ததாகவே அறிக்கை எழுதப்படுகிறது.

நான்காவதாக, ஆலையில் உள்ள பொருள்களின் பட்டியலும் அவற்றுக்குரிய மருத்துவக் குறிப்பும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். வாயுவின் பெயரை நள்ளிரவில் தொலைபேசியில் விசாரிக்கும் நிலை இனியொரு மருத்துவருக்கு வரக்கூடாது.

ஐந்தாவதாக, ஒத்திகை அறிக்கை கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். எங்கே தவறினோம் என்று ஊர் அறிந்தால்தான் அடுத்த முறை திருந்தியதா என்று ஊர் கேட்க முடியும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. புதிய சட்டமும் தேவையில்லை. 1989, 1996 விதிகளின் சொற்களை அவற்றின் உண்மைப் பொருளில் நிறைவேற்றினாலே போதும்.

நீங்கள் செய்யக்கூடியது

வாசகர்களே, சில செய்திகளை இன்றே மனத்தில் கொள்ளுங்கள். வாயு நெடி வந்தால் முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். கோயில் கொடியோ தென்னங்கீற்றோ அடுப்புப் புகையோ காட்டிவிடும். வாயு போகும் திசையில் ஓடாதீர்கள். அதற்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகுங்கள். வாயு மேகம் பெரும்பாலும் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும். சில நூறு மீட்டர் விலகினாலே பெரும் வேறுபாடு உண்டு. பள்ளங்களைத் தவிர்த்து மேட்டுப் பாங்கான இடத்துக்குச் செல்லுங்கள். கண்களை நீரால் கழுவுங்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள், மின்விசைகளைத் தொடாதீர்கள். 112 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லுங்கள்.

இவை பொதுவான குறிப்புகள். உங்கள் ஊருக்கான சரியான குறிப்பைப் பெறுவது உங்கள் உரிமை. அருகிலுள்ள ஆலையில் எந்த அபாயப் பொருள் எவ்வளவு இருக்கிறது, ஆலைக்கு வெளியிலான திட்டம் எங்கே இருக்கிறது, உள்ளூர் நெருக்கடிக் குழு கடைசியாகக் கூடியது எப்போது, எங்கள் தெரு அடங்கிய ஒத்திகை எந்த நாளில் நடந்தது என்ற நான்கு கேள்விகளையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் எழுதிக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். ஒருவர் கேட்டால் கோப்பில் சேரும். ஊரே கேட்டால் கூட்டம் கூடும்.

மதிலுக்கு உள்ளே இருக்கும் சங்கு ஊருக்கும் உரியது. அது ஒலிக்கிறதா என்று பார்ப்பதும், ஒலித்தால் என்ன செய்வதென்று அறிந்திருப்பதும் பகலில் முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள். இரவில் அதற்கு நேரம் இருக்காது.